துண்டைச் சுற்றித் திறந்த குழாய்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை அம்மா துண்டைச் சுற்றித்தான் திறப்பார். எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "சில நேரம் சுருக்குன்னு இருக்கும்டா. எப்பவும் இல்ல. துண்டு வச்சுத் திறந்தா ஒண்ணும் பண்ணாது" என்றார். கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அழுத்தித் தள்ளு என்று சொல்கிற அதே குரலில்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி நிறையப் பழக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன. மாடி அறையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் மெல்லிய கூச்சம் ஒன்று ஓடும். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று நானே தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். ஃபிரிட்ஜைச் செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பது, ஒரு சுவிட்சை மட்டும் ஓரமாகத் தட்டுவது. வீடு தன் கோளாறை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் அதற்கேற்பக் கையை மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

அன்றே டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அம்மாவுக்கு ஏதோ பிரமை என்று நினைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் பளிச்சென்று எரிந்தது. அன்று வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று வீட்டைச் சுற்றி வந்தேன். பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், டெஸ்டர் அணைந்தது. மறுபடி சொருகினேன்; எரிந்தது. குளியலறைக்கும் பின்கட்டுக்கும் இடையே இரண்டு சுவர்கள், ஒரு நடை. மெஷினுக்குத் தண்ணீர் போவதும் வருவதும் பிளாஸ்டிக் குழாயில். பிறகு எந்த வழியாக இங்கே வந்து அம்மாவைத் தொடுகிறது?

முதலில் வந்த எலக்ட்ரீசியன் ஐந்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். அது எரிந்தும் எரியாமலும் இருந்தது. "எர்த் வீக்கா இருக்கு சார். பிளக் பாயின்ட்ல எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயர் போட்டு லூப் பண்ணிட்டா சரியாப் போயிடும். பல்பு ஜோரா எரியும்" என்றார். பல்பு ஜோராக எரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துண்டு வயர் என்ன செய்யும் என்பது ஓரளவு தெரிந்திருந்ததால், அவரை அனுப்பிவிட்டேன்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வீடுகளில் இந்த லூப் இருப்பது உண்டு. ஃபேஸ் என்பது மின்சாரம் வரும் பாதை, நியூட்ரல் அது திரும்பிப் போகும் பாதை. எர்த் என்பது கருவியின் உடம்பில் கசிவதை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்; அதில் சாதாரணமாக எதுவும் ஓடக் கூடாது. இரண்டையும் பிளக்கிலேயே முடிச்சுப் போட்டால், வீட்டுக்குள் எங்கேயாவது நியூட்ரல் அறுந்த நொடியில் அல்லது இணைப்புத் தளர்ந்த நொடியில், ஃபேஸ் அந்தக் கருவியின் உள் சுற்று வழியாக வந்து, நியூட்ரலில் போக வழியில்லாமல், லூப் வழியாகக் கருவியின் உடம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். கருவியில் எந்தக் கோளாறும் இருக்க வேண்டியதில்லை. தளர்ந்த திருகாணி ஒன்று போதும். சில வகை மின் விநியோகத்தில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்ப்பது உண்டுதான். ஆனால் அது வீட்டுக்கு மின்சாரம் வந்து சேரும் இடத்தில், விநியோகம் செய்பவர்களின் முறைப்படி, ஒரே ஒரு தடவை நடப்பது. ஒவ்வொரு பிளக்கிலும் நடப்பதல்ல.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். நான் அண்ணன் என்று கூப்பிட, அவர் தம்பி என்று கூப்பிட்டார். வந்ததும் எதையும் திறக்கவில்லை. "தண்ணி லைன் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தண்ணீருக்கும் ஷாக்குக்கும் என்ன?

மாற்றியிருந்தோம். துருப்பிடித்து ஒழுகிய நிலத்தடி இரும்புக் குழாயைச் சில ஆண்டுகளுக்கு முன் நான்தான் ஆள் வைத்துத் தோண்டி எடுத்து, பிளாஸ்டிக் குழாய் போட்டேன். வீட்டுச் சுவருக்குள் இருந்த இரும்புக் குழாய்கள் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம். வேலை சுத்தமாக முடிந்தது, தண்ணீர் வேகமாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அண்ணன் மீட்டர் பலகையிலிருந்து கிளம்பும் மொட்டைச் செம்புக் கம்பியை விரலால் காட்டி, அது போகும் வழியிலேயே நடந்தார். சுவரோரமாகப் போய், மாடிப்படிக்கு அடியில் இறங்கி, ஒரு கிளாம்ப் வழியாகத் தண்ணீர்க் குழாயில் முடிந்தது. அவ்வளவுதான் எங்கள் வீட்டு எர்த். மண்ணுக்குள் பல மீட்டர் நீளம் ஓடிய இரும்புக் குழாயை எர்த்தாகப் பயன்படுத்துவது ஒரு காலத்தில் பல நாடுகளில் இருந்த வழக்கம். குழாய் இரும்பாக இருந்தவரை அது ஒழுங்காக வேலை செய்தது. நான் பிளாஸ்டிக் போட்ட அன்று வீட்டின் எர்த் செத்துப்போயிற்று. அது எந்த விளக்கையும் அணைக்கவில்லை, எந்த ஃபேனையும் நிறுத்தவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கம்பியின் ஒரு முனை மண்ணைவிட்டுப் பிரிந்துவிட்டது. மற்ற முனைகள் எல்லாம் அப்படியே இருந்தன. வாஷிங் மெஷினின் எர்த் பின், ஃபிரிட்ஜின் எர்த் பின், ஹீட்டரின் உடம்பு, வீட்டுக்குள் ஓடும் இரும்புக் குழாய்கள், குளியலறைக் குழாயின் கைப்பிடி எல்லாம் ஒரே கம்பியில் கோத்த மணிகள். மெஷினுக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட் கசியத் தொடங்கியதும் அந்தக் கசிவு எர்த் வயருக்கு வந்தது. மண்ணுக்குப் போக வழியில்லாமல் வீடு முழுக்கப் பரவியது. அம்மாவுக்கு ஷாக் கொண்டுவந்து கொடுத்ததே அந்த எர்த் வயர்தான். அது இல்லாமலே இருந்திருந்தால் மெஷினைத் தொட்டவருக்கு மட்டும் அடித்திருக்கும்.

அண்ணன் தோட்டத்து ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அங்கிருந்து நீள வயர் இழுத்து, குழாய்க்கும் அதற்கும் இடையே மீட்டர் வைத்தார். 96 வோல்ட். "மீட்டர் சும்மாவும் காட்டும் தம்பி, நம்பாதீங்க" என்று சொல்லி, அதே இடத்தில் ஒரு 15 வாட் பல்பைச் சேர்த்தார். அது மங்கலாக, கங்கு போலச் சிவந்தது. குளியலறைக் குழாயில் பல்பு எரிவதை அம்மா வாசலில் நின்று பார்த்தார். எதுவும் பேசவில்லை.

எவ்வளவு மின்சாரம் உடம்பில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு ஓரளவு தெளிவான எண்கள் உண்டு. ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று உணர்வோம். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது பலருக்குக் கை தசை இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. சார்லஸ் டால்சீல் என்ற கலிபோர்னியப் பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். கையை விட்டுவிட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவருக்குக் கிடைத்தது. இன்னும் கூடி, சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் தாளம் குலையும். எங்கள் குழாயை ஈரக் கையால் அழுத்திப் பிடித்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் முப்பது நாற்பது மில்லி ஆம்பியர் ஓடியிருக்க முடியும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கவே வேண்டாம், தூக்கம் போனதுதான் மிச்சம். துண்டு காய்ந்த துண்டாக இருந்தது, குழாயை அம்மா குளிக்கும் முன்பு திறந்தார். அவ்வளவுதான் இடைவெளி.

இன்னொன்று. அந்தக் கசிவுக்கு எங்கள் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். "ஃபியூஸ் எதுக்குத் தம்பி போகணும்? அதுக்கு ஒண்ணுமே தெரியாதே" என்றார். ஃபியூஸும், அதன் வேலையைச் செய்யும் எம்.சி.பி. என்ற தானாக விழும் சுவிட்சும் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை. அவற்றின் கணக்கு ஆம்பியரில். மனிதனைக் கொல்வது அதில் சில்லறை.

பிறகு ஃபியூஸ் பலகையைத் திறந்தார். மூன்று பீங்கான் கேரியர்களில் ஒன்றில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக மடித்துத் திரித்த செம்பு வயர். அது நான் போட்டதாக இருக்கலாம். ஞாபகம் இல்லை என்று சொல்லிவைத்தேன். மோசமானது வேறு: ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ். பழைய வீடுகளில் இது உண்டு. நியூட்ரல் ஃபியூஸ் முதலில் போய்விட்டால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், கரன்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கைவைப்போம். அங்கே 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

மேல் மாடி வயரிங் இன்னும் ரப்பர் உறை, மேலே துணி சுற்றியது. மரச் சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து ஓட்டியிருந்தார்கள். தொடாமல் விட்டால் பார்க்க நன்றாகவே இருந்தது. சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒரு வயரை லேசாக வளைத்தார். ரப்பர் உறை பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. ரப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும். விளக்குக்கு மேலே, சூடு அதிகம் படும் முனைகளில் இன்னும் சீக்கிரம். வயர் உறையின் தடையை அளக்கும் மெகரை வைத்து 500 வோல்ட்டில் சோதித்தார். வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். கீழ்த்தளத்தில் வந்தது. மாடியில் முள் பூஜ்யத்தை விட்டு அசைய மறுத்தது. இந்தச் சோதனைக்கு முன் டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அவற்றுக்கு நாம் சேர்ந்து கொள்ளி வைத்த கதையாகும்.

மாடியில் கம்ப்யூட்டர் சொருகியிருந்த மூன்று துளை பிளக்கில் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. கூச்சத்துக்குக் காரணம் அதுதான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிக்க இரண்டு சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு வருகின்றன. எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு அதில் போய்விடும். இல்லையென்றால் பெட்டி பாதி வோல்ட்டேஜில், 115 சுமாரில், மிதக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஆபத்தில்லை. ஆனால் அது எர்த் இல்லை என்று நேரடியாக வந்து சொல்லும் தந்தி. அதைத்தான் "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று கிழித்துப் போட்டிருந்தேன்.

சரி, புது எர்த். தோட்டத்தில் செம்பு முலாம் பூசிய மூன்று மீட்டர் கம்பி ஒன்றை அடித்து, எர்த் மீட்டரில் அளந்தார். 31 ஓம். தடிமனான கம்பியாகப் போட்டிருக்கலாமோ என்று கேட்டதற்குச் சிரித்தார். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தடை பத்துச் சதவீதம் போலத்தான் குறையும். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் நாற்பது சதவீதம் வரை குறையும், அதோடு கீழே வறட்சியிலும் ஈரம் இருக்கும். எங்கள் மண்ணில் அதற்கு மேல் இறங்கவில்லை, பாறை தட்டியது. அதனால் மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைத்தார். பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணுக்குச் சண்டை போடும், பலன் இருக்காது. 18 ஓம் ஆயிற்று. உப்பும் கரியும் கொட்டவில்லை. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு தடையைச் சட்டென்று குறைக்கும் என்பது உண்மை. ஆனால் உப்பு மழையில் கரைந்து போய்விடும். இருக்கிற வரைக்கும் இரும்பைத் தின்னும். அதற்குப் பதில் பென்டோனைட் என்ற களிமண் பொடியைக் குழைத்து ஊற்றினார். அது தண்ணீரை உறிஞ்சி உப்பி, கம்பியைச் சுற்றி ஈரமாகவே நிற்கும்.

பதினெட்டு ஓம் என்று கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இப்பக் கணக்குப் போடுங்க" என்றார் அண்ணன். 230-ஐ 18-ஆல் வகுத்தால் 12.8 ஆம்பியர் சொச்சம். அதாவது நாளைக்கு ஃபேஸ் வயர் நேராக வாஷிங் மெஷின் உடம்பில் பட்டாலும் 13 ஆம்பியருக்குள்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. மெஷின் உடம்பு, குழாய், ஹீட்டர் எல்லாம் 230 வோல்ட்டுக்கு அருகில், யாராவது பார்த்து அணைக்கும் வரை. புது எர்த், நல்ல எர்த், அளந்த எர்த். ஆனாலும்!

இங்கேதான் பலரும் தவறிப்போகிறோம். மின்சாரத்துக்குப் பூமி மேல் ஆசை எதுவும் கிடையாது. அது கிளம்பிய டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பப் பார்க்கிறது. அங்கே நியூட்ரல் மண்ணோடு இணைந்திருப்பதால், மண் அதற்கு ஒரு திரும்பும் சாலை, அதுவும் மேடுபள்ளமான சாலை. சில இடங்களில் விநியோகம் செய்பவர்களே எர்த்தையும் உலோகப் பாதையாக வீடு வரை கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே மொத்தத் தடை ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும், கோளாறு வந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எம்.சி.பி. கண்ணிமைக்கும் முன் விழும். நம் எர்த் நம் தோட்டத்துக் கம்பி மட்டும்தான் என்றால் அந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டும். வீட்டில் வேலை தொடங்கும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே நம் எர்த் எந்த வகை என்பதுதான்.

எங்களுடையது தோட்டத்துக் கம்பி. அதற்கு ஆர்.சி.சி.பி., அதாவது கசிவைக் கண்டால் மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச், வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது எளிய யோசனை: ஃபேஸும் நியூட்ரலும் ஒரு இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குறைந்து வந்தால், விடுபட்டது எங்கேயோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் அறுத்துவிட வேண்டும். 150 எட்டினால் 0.04 நொடிக்குள். எர்த் தடை 18 ஓம் என்றால், 30 மில்லி ஆம்பியர் ஓடும்போது மெஷின் உடம்பில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கும். எம்.சி.பி. கண்டுகொள்ளாத இடத்தில் இது விழித்துக்கொள்கிறது. மெஷின்களில் இப்போது எலக்ட்ரானிக்ஸ் அதிகம் என்பதால் ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் உண்டாக்கும் கசிவையும் உணரும் ஏ வகை வாங்குங்கள் என்று சொன்னார். இதற்கும் எல்லை உண்டு: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் அதற்கு நம்மை பல்பிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அழுத்துகிறேன். ஆனால் அந்தப் பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு தடை வழியாகக் கசிவை உண்டாக்கிப் பார்ப்பது. தோட்டத்துக் கம்பியை யாராவது வெட்டிக்கொண்டு போனாலும் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும். எர்த்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

பழைய ஃபியூஸ்களுக்குப் பதில் எம்.சி.பி.களையும், அவற்றோடு ஆர்.சி.சி.பி.யையும் மாட்டி மேலே தள்ளினோம். டப் என்று விழுந்தது. மறுபடி தள்ளினோம். டப். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டுப் பார்த்தபோதும் விழுந்தது. "எங்கேயோ நியூட்ரல் எர்த்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் பிரிக்கிறது, நியூட்ரல் சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றிக் கழற்றி, மதியம் சாய்ந்த பிறகு கண்டுபிடித்தோம். அதுவரை எர்த் கம்பியோடு சேராமல் இருந்த முன்னறை பிளக்கில், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு கறுப்புத் துண்டு வயர், ஒரு விரல் நீளம். யாரோ எப்போதோ போட்டது. முதல் ஆள் எனக்கு விற்க நினைத்த அதே வைத்தியம், ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கிறது.

மற்ற வேலைகள் சீக்கிரம் முடிந்தன. மாடி முழுக்கப் புது வயர், விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4. நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டோம். இரும்புக் குழாய்களைத் தனிக் கம்பியால், எர்த் வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டையோடு இணைத்தோம். இப்போது குழாயும் ஹீட்டரும் முடிந்தவரை ஒரே வோல்ட்டேஜில் இருக்கும். வாஷிங் மெஷினின் எலிமென்ட்டை மாற்றினோம். இதில் என் கைவேலை எதுவும் இல்லை. டார்ச் பிடித்தேன், மெயினை அணைத்தேன், அணைந்ததா என்று அண்ணன் சோதிப்பதை ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். அவர் கண் முன்னாலேயே நான் அணைத்திருந்தாலும் அவர் சோதித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மழை இரவில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. அடுத்த மழையிலும் விழுந்தது. காரணமில்லாமல் விழுகிறது, நீக்கிவிடலாம் என்று தங்கை சொன்னாள். மூன்றாம் மழையில் குடையோடு நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன்; வாசல் கதவு விளக்குக்குப் போகும் வயரில் நின்றது. காலையில் அண்ணன் வந்து தோண்டினார். மண்ணுக்கு அடியில் ஒரு இணைப்பு, டேப் சுற்றியது, சுற்றிலும் தேங்கிய நீர். எத்தனை மழைக்காலமாக அந்த ஈர மண்ணில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்ததோ. அதற்கு மேலேதான் நாங்கள் செருப்பைக் கழற்றிவிடுவோம்.

அந்த வயரை வெட்டி இரு முனையையும் மூடியாயிற்று. புது வயர் இன்னும் இழுக்கவில்லை. இப்போதைக்கு இரவில் டார்ச் அடித்துக் கதவைத் திறக்கிறோம்.